ஓராசிரியர் பள்ளியும் அதற்குப் போன வண்டிப்பாதையும்

மாணவர் எண்ணிக்கை குறைந்த தொடக்கப் பள்ளிகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், “பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமா, ஒரே அறையில் ஐந்து வகுப்பு நடந்தால் என்ன படிப்பு வரும்?” என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஐந்தாம் வகுப்பு வரை அப்படியோர் ஒற்றை அறையில் படித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளிகள் சிறியவையாக இருந்தது குறையே இல்லை. ஆசிரியரைத் தனியாக விட்டதுதான் குறை. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் நாம் இன்று முடிவெடுக்கிறோம்.

எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் இருக்கிறது. 1960களில் அது திருநெல்வேலி மாவட்டம். பேருந்து நிற்கும் தார் ரோட்டிலிருந்து ஊருக்கு வர வண்டிப்பாதை ஒன்றுதான் உண்டு. மாட்டுவண்டிச் சக்கரம் பதிந்து பதிந்து பள்ளமான இரண்டு தடங்கள், நடுவில் புல் மேடு, இரு பக்கமும் உடைமரமும் பனையும், இடையில் ஓர் ஓடை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்த மண், ஐப்பசி மழை பெய்துவிட்டால் காலை விடாது. எங்கள் வாத்தியார் சைக்கிளில் வருவார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களிமண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். உடைமரக் குச்சியை ஒடித்து மண்ணைக் குத்திக் குத்தி எடுப்பார். பத்தடி உருட்டுவதற்குள் மறுபடியும் அடைத்துக்கொள்ளும். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கைப்பிடியில் மாட்டி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். வந்ததும் கால் கழுவிக்கொண்டு வருகைப் பதிவேட்டை எடுப்பார். ஓடையில் தண்ணீர் இழுத்துப் போகும் நாளில் அவரால் வர முடியாது. அன்று பள்ளிக்கூடமும் கிடையாது.

அந்த அறைக்குள் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைக் கூச்சலும் குழப்பமுமாகவே கற்பனை செய்துகொள்கிறார்கள். கரும்பலகையைச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கிழித்து மூன்று பாகமாகப் பிரித்திருப்பார். ஒரு பாகத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு, அடுத்ததில் நான்காம் வகுப்புக்குச் சொல்வதெழுதிய சொற்கள், மூன்றாவதில் இரண்டாம் வகுப்பு பார்த்து எழுத வேண்டிய வரிகள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசல் பக்கம் பரப்பிய மணலில் விரலால் எழுதுவார்கள். அவர்களின் விரலைப் பிடித்து ‘அ’ போட வைப்பது ஐந்தாம் வகுப்பு மாணவர்களின் வேலை. வாத்தியார் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற நான்கு வகுப்பும் எழுதிக்கொண்டிருக்கும். ஆனால் காது சும்மா இருக்காது. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது, அந்தப் புத்தகத்துச் செய்யுள்களில் பாதி எனக்கு முன்பே மனப்பாடமாகியிருந்தது. மூத்த பிள்ளைகளின் பாடத்தைக் கேட்டுக்கொண்டே வளர்வதும், இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தன் பாடம் தனக்கே தெளிவாவதும் ஒற்றை அறைக்கே உரிய வரவுகள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் அடுப்புக்கரியையும் கோவை இலையையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். அதற்கும் வகுப்பு வேறுபாடு கிடையாது.

இந்த முறை ஏழ்மைக்காகச் செய்துகொண்ட சமாளிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை நம் திண்ணைப் பள்ளிகளில் நெடுநாளாகப் புழங்கியது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் விடுதியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் மாணவர்களிடம் அதைக் கையாண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே உருவாக்கினார். 1797இல் லண்டனில் அவர் அச்சிட்ட அறிக்கைக்குப் பிறகு அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று அவரே 1826இல் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஆசிரியர் நடத்திய பள்ளிகளாகத்தான் இருந்திருக்க முடியும்.

ஆனால் அந்தத் திண்ணைகளில் யார் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பழம்பெருமையாகிவிடும். பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. என் காலத்திலேகூட, சட்டம் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்த பிறகும், சேரிப் பிள்ளைகள் ஊர்த்தெரு வழியாகப் பள்ளிக்கு வரவில்லை. கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். நேர்வழி அதில் பாதித் தூரம்கூட இருக்காது. ஊர்ப்புறத்து ஒற்றையடிப் பாதைகளைப் பற்றி நாம் நெகிழ்ந்து எழுதும்போது, அந்தப் பாதை எல்லாருக்கும் ஒரே பாதையாக இருக்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் பள்ளி வந்ததே காமராசர் ஆட்சியில்தான். முந்நூறு பேர் வாழும் சிற்றூராக இருந்தாலும் பிள்ளைகள் நடந்துபோகும் தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்ற அன்றைய முடிவும், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் உழைப்பும்தான் எங்கள் ஊர் போன்ற ஊர்களுக்கு வாத்தியாரைக் கொண்டுவந்து சேர்த்தன. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது எங்களுக்குப் பக்கத்து எட்டயபுரத்தில். பள்ளி அருகில் இருந்ததன் பயனை என் அக்காள் வயதுப் பெண்களிடம் கேட்க வேண்டும். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, சுவரோரம் துணியில் படுக்கவைத்துவிட்டு, சிலேட்டில் கணக்குப் போட்டவர்கள் அவர்கள். குழந்தை அழுதால் வீட்டுக்கு ஓடிப்போய்விட்டு அடுத்த பாடத்துக்குள் திரும்பிவிடலாம். பள்ளி இரண்டு மைல் தள்ளி இருந்திருந்தால் அவர்களில் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடக் கற்றிருக்க மாட்டார். மிளகாய்ப் பழம் எடுப்புக் காலத்திலும் பருத்தி எடுப்புக் காலத்திலும் பாதிப் பிள்ளைகள் காட்டில்தான் இருப்பார்கள் என்றாலும், சாப்பாட்டு மணி அடித்தால் காட்டிலிருந்து ஓடி வந்து, பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் பள்ளி அருகில் இருந்ததால் கிடைத்ததே.

தனி ஆசிரியரின் சுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்குக் காய்ச்சல் என்றால் ஊருக்கே விடுமுறை. சம்பளம் வாங்கப் போனாலும், அலுவலகக் கூட்டத்துக்குப் போனாலும், குடும்பத்தில் சாவு விழுந்தாலும் பள்ளி பூட்டிக் கிடக்கும். பாடத்தில் ஓர் ஐயம் வந்தால் கேட்க இன்னொரு ஆசிரியர் கிடையாது. இதை உணர்ந்துதான் 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறையும் இரண்டு ஆசிரியரும் வேண்டும் என்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று வரையறுத்தது. நோய்க்குச் சரியான மருந்து அதுதான்.

ஆனால் பள்ளிகளைக் காலியாக்கியது வேறொன்று. பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கிய பிறகு சிற்றூர்களுக்கெல்லாம் தார் ரோடு வரத் தொடங்கியது. எங்கள் வண்டிப்பாதையும் தார் ரோடானது. ஆம்புலன்ஸ் வந்தது, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் பிழைத்தார்கள், காய்கறி வாடாமல் சந்தைக்குப் போனது. இவற்றையெல்லாம் நான் மனமார வரவேற்கிறேன். அதே ரோட்டில் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளின் வேனும் வந்தது. வேன் கட்டணம் கட்ட முடிந்தவர்கள் பிள்ளைகளை ஏற்றி அனுப்பினார்கள். முடியாதவர்களின் பிள்ளைகள் மட்டும் ஊர்ப் பள்ளியில் மிஞ்சினார்கள். எண்ணிக்கை குறைந்தது, அந்தக் குறைவையே காரணமாகக் காட்டிப் பள்ளியை மூடலாமா என்று கேட்கிறோம். மிஞ்சியிருப்பது வேறு வழியே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்தால் படிப்பு வராது என்பவர்களுக்கு ஒன்று. 2007 முதல் தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த செயல்வழிக் கற்றல் முறையின் வேர், ஆந்திரத்தின் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சிறு கிராமப் பள்ளிகளில் இருக்கிறது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் தத்தம் வேகத்தில் படிப்பதற்கென்றே அங்கே பாட அட்டைகள் உருவாக்கப்பட்டன. பயிற்சி பெற்ற இரண்டு ஆசிரியர்கள் இருந்தால், இருபது பிள்ளைகள் உள்ள பள்ளி நகரத்து வகுப்பறைகள் பலவற்றைவிட நன்றாக நடக்கும்.

உங்கள் ஊர்ப் பள்ளியை இணைப்பது குறித்துப் பேச்சு வந்தால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதிலைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதிக்கான தூரத்தை, ஆறு வயதுப் பிள்ளை உண்மையில் நடக்கும் பாதையில், அதுவும் மழைக்காலத்தில், அளந்தீர்களா? இரண்டாவது ஆசிரியர் பணியிடம் எத்தனை ஆண்டுகளாக நிரப்பப்படாமல் கிடக்கிறது?