நீதிபதியாவது அந்தத் தாளைப் படிக்க வேண்டாமா?

தேசியப் பாதுகாப்பு என்று அரசு சொல்லிவிட்டால் பல வழக்குகள் அந்த இடத்திலேயே படுத்துவிடுகின்றன. இரகசியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடற்படைத் தளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருகோணமலையில் அப்படிப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் ஒரு தாள் வெளியே வந்தால் மாட்டிக்கொள்ளப் போகிறவரே அது இரகசியம் என்று முடிவு செய்யலாமா?

1948 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் ஒரு பி-29 விமானம் விழுந்து 9 பேர் இறந்தார்கள். கணவரை இழந்த மூன்று பெண்கள் வழக்குப் போட்டு விபத்து அறிக்கையைக் கேட்டார்கள். விமானத்தில் இரகசியக் கருவிகள் இருந்தன, அறிக்கையைத் தர முடியாது என்றது விமானப்படை. 1953 இல் உச்ச நீதிமன்றம் அறிக்கையை வாங்கிப் பார்க்காமலே அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து அது வெளியே வந்தபோது, அதில் இருந்தது பெரும்பாலும் எஞ்சின் கோளாறும் பராமரிப்பில் விட்ட குறையும்தான். கொடுமை என்னவென்றால், இன்றும் அந்நாட்டு அரசு நீதிமன்றத்தில் இரகசியம் கோரும்போது காட்டுவது இதே தீர்ப்பைத்தான்.

ஒட்டுக்கேட்பு வழக்குகள் இன்னும் விசித்திரம். 2013 பெப்ரவரியில், அரசின் ஒட்டுக்கேட்பை எதிர்த்து மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி முதலானோர் தொடுத்த வழக்கை அதே நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தள்ளியது. உங்களைக் கண்காணித்ததாக நீங்கள் காட்டவில்லையே என்றார்கள். யாரைக் கண்காணிக்கிறோம் என்பதே இரகசியம் என்றால் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? சில மாதங்களில், அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை செய்த ஸ்னோடன் அதன் ஆவணங்களைக் கசியவிட்டார். அவை வந்த பிறகுதான், தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாக அள்ளியதைச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று 2015 இல் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கசியவிட்டவர் மீதோ 1917 ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தின் கீழ் வழக்கு.

சரி, நம்மூருக்கு வருவோம். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றது படைத்தரப்பு. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தெரிந்தவை சூட்டுக் காயங்கள். எந்த இரகசிய முத்திரையும் இல்லாத படங்கள் அவை. அதே மாதம் 24 ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். இதையும் விசாரித்த, ஜனாதிபதி நியமித்த உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2009 இல் ஜனாதிபதியிடம் போனது, நாடாளுமன்றத்துக்கு வந்தது 2015 இல். 2019 இல் போதிய சாட்சியம் இல்லை என்று 13 சந்தேக நபர்களும் விடுவிக்கப்பட்டார்கள். ஆறு வருடம் அலுமாரியில் கிடந்த அந்த அறிக்கை எந்த எதிரியிடமிருந்து நாட்டைக் காப்பாற்றியது?

1955 ஆம் ஆண்டு அரச இரகசியங்கள் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், முரண்பாடு வந்தால் தானே மேலோங்கும் என்கிறது. பாதுகாப்பைக் காட்டி மறுக்கலாம், ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிது என்றால் கொடுத்தே ஆக வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்தது, மறுக்கப்பட்ட ஆவணத்தை வாங்கிப் பார்க்கும் அதிகாரம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இருப்பது. அந்த மூன்று பெண்களுக்கும் கிடைக்காதது இதுதான்.

2025 ஏப்ரலில் இந்தியாவுடன் பாதுகாப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானபோதும் முழு வாசகத்தை வெளியிடவில்லை. அதே நாளில் நம்மூரை எரிசக்தி மையமாக்கவும் ஒன்று கையெழுத்தானது. மறைத்தே தீர வேண்டிய பந்திகள் இருக்கலாம். அவற்றைக் கறுப்பு மையால் மூடிவிட்டு மிச்சத்தைத் தரட்டும், அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. மூடிய பந்திகளை ஆணைக்குழு உறுப்பினர்களாவது படித்துப் பார்த்துவிட்டு, மூடியது சரியா என்று சொல்லட்டும்.