மன்னன் கல்லறையில் பன்றிகள்

சீனாவில் சியான் வரைக்கும் போய்வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த மண் சிப்பாய்களைப் பார்த்தாச்சா?" பார்த்தேன். முக்கால்வாசி நேரம் முன்னால் நின்றவர்கள் தூக்கிப் பிடித்திருந்த செல்போன் திரைகளில்தான் பார்த்தேன். கம்பியோரமாக ஒரு இடம் கிடைத்து மூச்சு விடுவதற்குள் கூட்டம் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டுவிட்டது.

மறுநாள் ஹான் யாங்லிங் என்ற பழைய மன்னர் கல்லறைக்குப் போவதென்று கிளம்பினேன். டாக்சி ஓட்டியவருக்கு என் மேல் ஒரே சந்தேகம். செல்போனில் மொழிபெயர்த்து, "விமான நிலையத்துக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, இடம் அந்தப் பக்கம்தான். 1990இல் விமான நிலையத்துக்குச் சாலை போட்டபோதுதான் அங்கே புதைகுழிகள் இருப்பதே தெரிய வந்தது.

ஹான் வம்சத்து மன்னர் ஜிங்கின் கல்லறை அது. கி.மு. 141இல் இறந்தவர். அந்த மண் சிப்பாய்களோடு புதைந்த சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் போய்ச் சேர்ந்து அப்போது எழுபது வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் உச்சியைச் சீவிவிட்ட பிரமிடு மாதிரி, புல் முளைத்த ஒரு மண்மேடு, அவ்வளவுதான். மேட்டைச் சுற்றி நாலாபுறமும் சூரியக் கதிர் மாதிரி எண்பத்தொரு புதைகுழிகள். அவற்றில் சிலவற்றைத் தோண்டி, மேலே கண்ணாடித் தளம் போட்டு, பூமிக்கடியிலேயே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அரை இருட்டு. என் உறை எழுப்பிய சரசர சத்தம் எனக்கே கேட்டது.

காலுக்குக் கீழே குனிந்து பார்த்தால் பன்றிகள்! சுட்ட மண்ணில் செய்து, வரிசை வரிசையாக நிறுத்திய பன்றிகள். பக்கத்தில் ஆடுகள், நாய்கள், அப்புறம் மாடு, கோழி. பெண் பன்றியின் வயிற்றில் மடிக்காம்புகூட விட்டுப்போகவில்லை. ஜிங்கின் குழிகளிலும் சிப்பாய்ப் பொம்மைகள் உண்டு. ஆனால் மேலுலகத்துக்குப் போகும்போது அடுப்படியையும் தொழுவத்தையும் மறக்காத மன்னரை எனக்குப் பிடித்துப்போயிற்று. தானியமும் வைத்திருக்கிறார்கள், தேயிலையும் வைத்திருக்கிறார்கள். குழியில் கிடந்த இலைக்குவியல் தேயிலைக் கொழுந்துதான் என்று 2016இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதுவரை கையில் கிடைத்த தேயிலைகளில் மிகப் பழையது அதுதான். டீ இல்லாமல் எனக்கு இங்கேயே பொழுது விடியாது, மனிதர் அங்கேயும் கொண்டு போயிருக்கிறார்.

மனிதப் பொம்மைகள் இரண்டடி உயரம்தான். எல்லாமே அம்மணமாக, கைகளில்லாமல் நிற்கின்றன. செய்தபோது அப்படியில்லை. பட்டுத்துணி உடுத்தி, மரத்தில் கை செய்து பொருத்தியிருந்தார்கள். பட்டும் மரமும் மக்கிப்போயின. தோள்பட்டையில் கை மாட்டிய வட்டத் துளை மட்டும் மிச்சம். சில பொம்மைகள் மார்பு வரை மண்ணில் புதைந்தபடியே இருக்கின்றன. அந்த நிலையிலும் முகத்தில் லேசான சிரிப்பு!

சரி, நல்ல மன்னரா? வரலாற்றில் நல்ல பெயர்தான். விளைச்சலில் முப்பதில் ஒரு பங்குதான் நிலவரி. 500 பிரம்படித் தண்டனையை 300ஆகக் குறைத்தார், அதிலும் ஆட்கள் செத்துப்போகவே 200 ஆக்கினார். ஆனால் இளவரசராக இருந்தபோது சூதாட்டத்தில் வாக்குவாதம் முற்றி, ஆட்டப் பலகையைத் தூக்கி அடித்து ஹானுக்குக் கீழிருந்த வூ நாட்டு இளவரசனைக் கொன்றவரும் இவர்தான். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன் மனதில் வைத்தே இருந்து, கி.மு. 154இல் ஜிங்குக்கு எதிராக ஏழு குறுநாடுகள் சேர்ந்து செய்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினான்.

இதைவிட என்னை உறுத்தியது வேறு. கல்லறைக்கு வடமேற்கே 1972இல் வேறு சில குழிகள் கிடைத்தன. இந்தக் கல்லறையைக் கட்டிய கைதிகளின் குழிகள் அவை. பெட்டியில்லை, பானையில்லை. எலும்புகளோடு இரும்புக் கழுத்து வளையமும் கால் விலங்கும் இருந்தன. செத்த பிறகும் கழற்றவில்லை. பிரம்படியைக் குறைத்த கருணை, தன் சொந்தக் கல்லறைக்கு மண் சுமந்தவன் கழுத்து வரைக்கும் எட்டவில்லை. பன்றிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான் அதன் பிறகு சிரிக்கவில்லை.

நடுவில் இருக்கும் மேட்டை இன்னும் திறக்கவில்லை. "உள்ளே என்னதான் இருக்கும், தோண்டிப் பார்க்க வேண்டியதுதானே" என்று கேட்பவர்கள் பெய்ஜிங் பக்கம் டிங்லிங்கில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1956இல் மிங் மன்னர் வான்லியின் கல்லறையைத் தோண்டத் தொடங்கினார்கள். வெளியே எடுத்த பட்டுத்துணிகளில் பெரும்பாலானவை நிறம் மங்கி, இறுகி, பாழாயின. பத்து வருடம் கழித்துக் மாவோவின் கலாச்சாரப் புரட்சியில் செங்காவலர்கள் என்ற மாணவர் படையினர் மன்னரின் எலும்பையே வெளியே இழுத்துப்போட்டுக் கொளுத்தினார்கள். ஜிங் மேட்டுக்கடியிலேயே கிடக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

திரும்பும்போது மேட்டை ஒரு சுற்று நடந்தேன். யாருமில்லை. தலைக்கு மேல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. போகிறவர்கள் கழுத்துக்கு ஒரு மஃப்ளர் எடுத்துப்போங்கள், அந்தச் சமவெளிக் காற்று காதை அறுக்கிறது.