மீட்டரை எடுத்துக் குளோ பிளக்கில் ஒரு தடவை வைத்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

டீசல் கார் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது என்று யாரிடமாவது வாயைத் திறந்து பாருங்கள். "பேட்டரி போயிருக்கும்" என்பார்கள். பேட்டரி புதுசு என்றால், "அப்போ செல்ஃப் மோட்டார்." அதுவும் நன்றாகத்தான் சுற்றுகிறது என்றால் கொஞ்சமும் அசராமல், "நாசல் அடிவாங்கியிருக்கும் சார், கழற்றி சர்வீஸ் பண்ணிடலாம்" என்று, டீசலைப் பீய்ச்சும் அந்த உறுப்பைக் காட்டி ஒரே தாவலில் பெரிய செலவுக்குப் போய்விடுவார்கள். இத்தனைக்கும் கார் தன் கோளாறைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த இன்ஜினில் மட்டும் தகராறு. ஸ்டார்ட் ஆனதும் உடம்பெல்லாம் குலுங்கல், பின்னால் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை. சூடானதும் எதுவுமே நடக்காததுபோல் ஓடுகிறது. மத்தியானம் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்புகிறது. மத்தியானத்துக்கு மட்டும் நாசல் குணமாகிவிடுமா ஐயா?

குளோ பிளக் என்று ஒரு சாமான் இருப்பதே பாதிப் பேருக்கு ஞாபகம் வருவதில்லை. டீசலில் பொறி கிடையாது. காற்றை அமுக்குவதில் வருகிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். இன்ஜின் சில்லென்று இருக்கும்போது அந்தச் சூட்டைச் சுற்றியிருக்கும் உலோகமே உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்டத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக இந்தக் குச்சி. சில நொடிகளில் 800 டிகிரிக்கு மேல் சூடேறும். டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் பற்றும் பழைய ப்ரீ சேம்பர் இன்ஜினில் இது செத்தால் உடனே தெரிந்துவிடும். உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜினோ ஒன்றிரண்டு பிளக் போனாலும் வெதுவெதுப்பான நாட்களில் சமாளித்துக் கிளம்பிவிடும். அதனால்தான் பழுது மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, குளிர் ஆரம்பித்ததும் மொத்தமாகக் கழுத்தை அறுக்கிறது.

"டாஷ்போர்டில் சுருள் லைட் எரிந்து அணையுதே, பிளக் நல்லாத்தான் இருக்கு" என்பது அடுத்த ஞானம். பல பழைய வண்டிகளில் குளோ பிளக்குக்கான அந்த லைட் வெறும் டைமர். பிளக் நான்கும் செத்துக் கிடந்தாலும் அது கடமை தவறாமல் எரியும், அணையும். அதை நம்பியா தீர்ப்புச் சொல்வது?

என் வயிற்றெரிச்சல் எல்லாம் இந்த மீட்டர் விஷயத்தில்தான். மல்டிமீட்டரைக் குறைந்த ஓம் அளவில் வையுங்கள். முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, ஒயரின் சொந்தத் தடை எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். பிளக் தலையில் இருக்கும் இணைப்பைக் கழற்றிவிட்டு ஒரு முனை அங்கே, மறுமுனை இன்ஜினின் சுத்தமான இரும்பில். வழக்கமான உலோகப் பிளக் குளிர்ந்த நிலையில் ஒரு ஓமை ஒட்டி, பெரும்பாலும் அதற்கும் கீழே காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, அவ்வளவுதான். சில இன்ஜினில் மேனிஃபோல்டு என்ற காற்றுக் குழாய்த் தொகுதிக்கு அடியில் கையே போகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கை போகிற வண்டியிலும் வைத்துப் பார்ப்பதில்லையே!

வைத்துப் பார்க்கிற புண்ணியவான்களும் நான்கு பிளக்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றாமலே பார்க்கிறார்கள். எல்லாம் இணையாக இருப்பதால், செத்த பிளக்கில் முனையை வைத்தாலும் பக்கத்துப் பிளக்குகள் வழியாக ஒரு நல்ல எண் வரும். "நாலும் ஓகே சார்." ஓகேவாம்!

சரி, தனித்தனியாகப் பார்த்து நான்குமே நன்றாக இருந்தால்? அங்கேயும் நாசலுக்கு ஓட வேண்டியதில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சாவியை ஆன் செய்துவிட்டுப் பிளக் வரைக்கும் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கலாம். வரவில்லை என்றால் பெரிய ஃபியூஸ், மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலே அல்லது கண்ட்ரோல் யூனிட், இடையில் உள்ள ஒயர் என்று பின்னோக்கிப் போக வேண்டியதுதான். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் வெப்ப சென்சார் "இன்ஜின் சூடாக இருக்கிறது" என்று பொய் சொன்னாலும் ரிலே ஆன் ஆகாது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0671 முதல் பி0674 வரை பிழைக் குறியீடு வந்தால் ஒன்று முதல் நான்கு வரை எந்த சிலிண்டர் என்று தெரியும். ஆனால் அந்தக் குறியீடு குற்றம் சாட்டுவது சர்க்யூட்டை. பிளக்தான் போச்சு என்று அது சொல்லவே இல்லை, கழன்ற கனெக்டராகவும் இருக்கலாம்.

இன்னும் சிலர் இதையெல்லாம் விட்டுவிட்டு சட்டென்று பற்றும் ஈதர் ஸ்ப்ரேயை எடுத்துக் காற்று போகிற வழியில் அடிக்கிறார்கள். உள்ளே குளோ பிளக் சிவந்து நிற்கும் இன்ஜினில்! அது கண்ட நேரத்தில் பற்றி வெடித்தால் பிஸ்டன் வரைக்கும் சேதம். ஆளுக்கே ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேல் கழற்றுகிற லட்சணம். வருஷக்கணக்கில் கார்பன் ஏறி, சிலிண்டர்களை மூடும் ஹெட்டோடு ஒட்டிப்போன மெல்லிய குச்சி அது. இன்ஜினைச் சூடாக்கி, துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்து, முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சில் அளவு பார்த்து, கொஞ்சம் தளர்த்தி மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாக எடுக்க வேண்டிய வேலை. 8 மில்லிமீட்டர் மரை என்றால் 20 நியூட்டன் மீட்டர்தான் பலரும் சொல்லும் உச்சவரம்பு. என் வண்டியில் கை வைத்தவர் ஜில்லென்ற இன்ஜினில் நீளக் கைப்பிடி மாட்டி ஒரே இழுப்பு இழுத்தார். சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு 'டக்'. ஆறுமுகத் தலை மட்டும் ஸ்பேனரோடு வந்துவிட்டது, மீதி ஹெட்டுக்குள். அதைப் பார்த்துவிட்டு, "பழைய வண்டின்னா இப்படித்தான் சார், இனி ஹெட்டை இறக்கணும்" என்றார் பாருங்கள், அந்த நிதானத்தை இழுக்கும்போது காட்டியிருக்கக் கூடாதா? உடைத்தது அவர், பழி வண்டியின் வயசு மேல்!

புதுசு போடுவதிலும் அதே எடுத்தேன் கவிழ்த்தேன்தான். பிளக் உட்காரும் துளையின் கார்பனை ரீமர் என்ற சுரண்டும் கருவியால் சுத்தம் செய்வதில்லை. இறுக்க வேண்டிய அளவு கழற்றும் வரம்பைவிடக் குறைவு என்பதும் தெரிவதில்லை, பலம் உள்ள மட்டும் முறுக்குகிறார்கள். மரை பொருந்துகிறது என்று எதையாவது மாட்டிவிடுவது இன்னும் கொடுமை. இப்போது வருகிற பல பிளக் 5 அல்லது 7 வோல்ட் வகை. அதைச் சோதிக்கிறேன் என்று நேராக 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்து எரித்துவிட்டு, "டூப்ளிகேட் பீஸ் சார்" என்கிறார்கள்.

இனி யார் என் பானெட்டைத் திறந்தாலும் சரி, முதலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மீட்டர் என்ன காட்டியது என்று ஒரு காகிதத்தில் எழுதித் தரட்டும். மேனிஃபோல்டு மறைக்கிறது என்றால் அதையும் எழுதட்டும். நாசல், பம்ப், ஹெட் என்ற பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.