இரண்டு கைகள் போதாத பயணம்

கைக்குழந்தையோடு தனியாக விமானத்தில் செல்பவர் கழிவறைக்கு எப்படிச் செல்வது? ஒன்பது மணி நேர இரவு விமானம் ஒன்றில், பதினோரு மாத மகள் என் தோளில் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், இந்தக் கேள்வி எனக்கு முதன்முதலாக எழுந்தது. பணிப்பெண்ணை அழைத்து ஐந்து நிமிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். பயணிகளின் குழந்தைகளைத் தூக்க எங்களுக்கு அனுமதி இல்லை, இருக்கைக்கு முன்னால் சுவரில் மாட்டியிருக்கும் தொட்டிலில் கிடத்திவிட்டுச் செல்லுங்கள் என்று அவர் மிகவும் பணிவாகச் சொன்னார். ஆனால் விமானம் குலுங்கிக்கொண்டிருந்தது. சீட் பெல்ட் விளக்கு எரியும்போது தொட்டிலில் குழந்தை இருக்கக்கூடாது என்பதும் அவர்கள் விதிதான். ஏறக்குறைய மூன்று மணி நேரம் அப்படியே அமர்ந்திருந்தேன். விளக்கு அணைந்ததும், இடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்த வயதான அம்மா ஒருவர் கைகளை நீட்டி, "பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் வாம்மா" என்றார். முன்பின் அறியாதவரிடம் குழந்தையைக் கொடுப்பதா என்று ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது மகள் விழித்துக்கொண்டு அவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பணிப்பெண்ணை நான் குறை சொல்லவில்லை. ஒரு விமானத்தில் குறைந்தது எத்தனை பணியாளர்கள் இருக்க வேண்டும் என்பதை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏறத்தாழ 50 இருக்கைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் வகுத்திருக்கிறார்கள். அது விபத்து நேரத்தில் பயணிகளை விரைந்து வெளியேற்றுவதற்கான கணக்கு. அந்த 50 பேரில் எத்தனை பேர் கைக்குழந்தையோடு தனியாக வந்திருக்கிறார்கள் என்பது அதில் வராது. உணவு, விற்பனை, குப்பை அகற்றுதல் எல்லாம் அதே சிலரின் தலையில் விழும்போது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது யாருடைய வேலையும் அல்லாத வேலையாகிவிடுகிறது.

இத்தனைக்கும் இந்தத் தொழில் பராமரிப்பிலிருந்து பிறந்த தொழில். 1930ஆம் ஆண்டு மே மாதம் எலன் சர்ச் என்ற செவிலியர் அமெரிக்காவில் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவரோடு சேர்க்கப்பட்ட மற்ற ஏழு பேரும் பதிவு பெற்ற செவிலியர்களே. பறப்பதற்கு அஞ்சியவர்களுக்கும் வயிறு புரட்டியவர்களுக்கும் துணையாக இருக்க ஒருவர் வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அவர்களை அமர்த்தினார்கள்.

இந்தத் துணையைக் குழந்தைகளுக்காகவே மீண்டும் கொண்டுவர முடியும் என்பதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. அபுதாபியின் எதிஹாத் விமான நிறுவனம் 2013இல் 'பிளையிங் நானி' (பறக்கும் தாதி) என்ற பெயரில் ஒரு சேவையைத் தொடங்கியது. குழந்தை வளர்ப்புப் பணியாளர்களைப் பயிற்றுவிப்பதில் 1892 முதல் பெயர்பெற்ற இங்கிலாந்தின் நார்லண்ட் கல்லூரியோடு சேர்ந்து தன் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. முதற்கட்டமாகப் பயிற்சி பெற்ற 300 பேரும் குழந்தையின் வளர்ச்சிப் படிநிலைகளையும், எந்த வயதில் எதற்கு அழும், எதனால் அமைதியடையும் என்பதையும் கற்றார்கள். ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்து வந்து, பொம்மை செய்து காட்டுவதும், குழந்தைகளின் உணவை முன்கூட்டியே கொடுப்பதும், பெற்றோருக்குச் சற்று ஓய்வு கிடைக்கச் செய்வதும் அவர்கள் பணி. கல்ஃப் ஏர் நிறுவனமும் இதே போன்ற சேவையை நடத்தியிருக்கிறது. இவை விளம்பரத்துக்காகச் செய்யப்படுபவை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இது தெரிந்துகொள்ள வேண்டிய வேலை, இதற்குப் பயிற்சி வேண்டும் என்று ஒரு விமான நிறுவனம் ஒப்புக்கொண்டதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்குக் காது வலியை மட்டும் சொல்கிறேன். விமானம் மிக உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் வரை உயரமான மலையில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. தரையிறங்கும்போது அழுத்தம் மீண்டும் கூடுகிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்து அதைச் சமன் செய்ய வேண்டும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலாகவும் ஏறத்தாழக் கிடைமட்டமாகவும் இருப்பதால் எளிதில் திறப்பதில்லை. எச்சிலை விழுங்கு, கொட்டாவி விடு என்று பெரியவர்களிடம் சொல்லலாம், பதினோரு மாதக் குழந்தையிடம் சொல்ல முடியாது. பால் கொடுத்தால் விழுங்கும், விழுங்கினால் குழாய் திறக்கும், அவ்வளவுதான் மருந்து. இறக்கம் பெரும்பாலும் தரைதொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. இது தெரியாமல் அதற்குச் சற்று முன்னதாகவே வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டு, வலி வரும் நேரத்தில் குழந்தை பால் குடிக்க மறுப்பதைப் பார்த்துத் திகைத்த பெற்றோர்களில் நானும் ஒருத்தி. "இப்போது பால் கொடுங்கள்" என்று சரியான நேரத்தில் ஒருவர் வந்து சொல்லியிருந்தால் என் மகள் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள். பக்கத்து இருக்கைக்காரரும் அத்தனை முறை திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

அந்தப் பார்வைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பான் ஏர்லைன்ஸ் 2019இல் இருக்கை வரைபடத்தில் பிறந்து 8 நாள் முதல் 2 வயது வரையுள்ள குழந்தைகள் அமரும் இடங்களைக் குறியிட்டுக் காட்டத் தொடங்கியது. சிங்கப்பூரின் ஸ்கூட் விமான நிறுவனம் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லாத பகுதியை விற்கிறது. கொரெண்டன் விமான நிறுவனம் 2023இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கரீபியன் தீவான குராசாவோ செல்லும் விமானத்தில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று தனிப்பகுதி வைத்தது. அமைதி வேண்டுபவர் பணம் கொடுத்து அதைப் பெறுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அழும் குழந்தையிடமிருந்து மற்றவர்களை விலக்கி வைப்பதற்குச் செலவிடும் யோசனையில் பாதியையாவது, அந்தக் குழந்தையின் அழுகையைக் குறைப்பதற்குச் செலவிடலாம் அல்லவா? திரை போட்டுப் பிரித்தாலும் அதே விமானத்துக்குள் அழுகை கேட்கத்தான் செய்யும்.

இதைவிட என்னை அச்சுறுத்துவது மடியில் வைத்துச் செல்லும் வழக்கம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கத் தேவையில்லை என்பது நமக்குச் சலுகையாகத் தெரிகிறது. பெரும்பாலான பன்னாட்டு விமானங்களில் பெரியவர் கட்டணத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். ஆனால் 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விழுந்து நொறுங்கியபோது மடிக் குழந்தைகள் நால்வர் அதில் இருந்தனர். அன்றைய நடைமுறைப்படி, குழந்தைகளைப் போர்வையால் அணை கொடுத்துத் தரையில் கிடத்தும்படி பெற்றோரிடம் சொல்லப்பட்டது. ஒரு குழந்தை இறந்தது. அந்த அறிவுரையைச் சொன்ன தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், உயிர் தப்பிய பின் பல்லாண்டுகளாக, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும் என்று வாதாடினார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 1990 முதல் இதைப் பரிந்துரைத்து வருகிறது. விமானத் துறை நிர்வாகமோ அதைக் கட்டாயமாக்கவில்லை. கூடுதல் டிக்கெட் செலவுக்கு அஞ்சிக் குடும்பங்கள் காரில் செல்லத் தொடங்கினால் சாலை விபத்துகளில் அதைவிட அதிகக் குழந்தைகள் இறப்பார்கள் என்பது அவர்கள் வாதம். கணக்காகப் பார்த்தால் இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இருக்கையின் விலைதான் தடை என்றால், குழந்தையின் இருக்கையைக் குறைந்த கட்டணத்தில் கொடுப்பதைப் பற்றி ஏன் பேசக்கூடாது? பலத்த குலுக்கலில் பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையை எந்தத் தாயின் கையும் பிடித்து நிறுத்தாது.

நடக்கக் கற்ற குழந்தைகள் வேறு வகை. இடைவழியில் ஓட விட்டாலும் தவறு, இருக்கையில் கட்டிப்போட்டாலும் கதறல். அந்த வயதுக்குப் பெற்றோரின் பொறுமையையும் ஒரு புதுப் பொம்மையையும் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய ஏற்பாடு எதுவும் அல்ல. ஒரு பெரியவரும் ஒரு கைக்குழந்தையும் மட்டும் சேர்ந்து டிக்கெட் எடுக்கும்போதே அது விமான நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பயணிக்கென்று பயிற்சி பெற்ற ஒரு பணியாளரை முன்கூட்டியே குறித்துவைத்து, புறப்படும் முன் அவர் வந்து தன் பெயரைச் சொல்லிச் செல்லட்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் குழந்தையை ஏற்றுக்கொள்வதை அவருடைய பணிப்பட்டியலில் எழுதட்டும். அதற்கெனத் தனிக்கட்டணம் வைக்கக்கூடாது.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. கைக்குழந்தையோடு யாராவது தனியாக ஏறுவதைப் பார்த்தால், விமானம் நகரத் தொடங்கும் முன் எழுந்து போய் அவரிடம் என் இருக்கை எண்ணைச் சொல்லிவிட்டு வருகிறேன்.