ரோத்சைல்ட்: அது வீட்டுப் பலகை, குலச்சின்னம் அல்ல

ரோத்சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்தின் பெயர் இடைக்கால வீரர்குலத்தின் சிவப்புக் கேடயத்திலிருந்து வந்தது, அவர்கள் பரம்பரைப் பிரபுக்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 'சிவப்புக் கேடயம்' என்ற பொருள் சரி, மற்றதெல்லாம் தலைகீழ்.

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர யூதர்களை 1462 முதல் யூதர் தெரு என்ற ஒரே குறுகிய சந்துக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். வீடுகளுக்கு அப்போது எண் கிடையாது. கப்பல், கருப்புக் கேடயம், பச்சைக் கேடயம் என்று சின்னங்களும் பெயர்களும்தான் விலாசம். சிவப்புக் கேடய வீட்டில் 16ஆம் நூற்றாண்டில் இருந்தவர் இந்தக் குடும்பத்தின் முன்னோர் ஐசக் எல்கானன். சந்ததியார் அதே தெருவில் வேறு வீட்டுக்குப் போன பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. வங்கியைத் தொடங்கிய மேயர் ஆம்ஷெல் 1744இல் பிறந்தபோது குடும்பம் அந்த வீட்டிலேயே இல்லை!

பிரபுப் பட்டமா? 1822இல் ஆஸ்திரியப் பேரரசர் மேயர் ஆம்ஷெலின் மகன்களுக்குக் கொடுத்தது. ஐந்து அம்புகளைப் பிடித்த கையும் நடுவில் சிவப்புக் கேடயமும் உள்ள குலச்சின்னம் அப்போது வந்ததுதான். பெயர் முந்தியது, சின்னம் பிந்தியது.

கருந்துளைக் கணக்கில் வரும் ஷ்வார்ட்ஸ்சில்ட் ஆரம் நினைவிருக்கிறதா? அந்தப் பெயருக்குரிய இயற்பியலாளர் 1873இல் பிறந்ததும் பிராங்பர்ட்தான், அவர் பெயரின் பொருள் கருப்புக் கேடயம். அவரை யாரும் வீரர்குலம் என்று சொல்வதில்லை.

இன்னொன்று, ரோத்சைல்ட் என்ற குடும்பப்பெயர் உள்ள எல்லாரும் வங்கிக் குடும்பத்து உறவினர்கள் இல்லை.