நூறு பேருக்கு எத்தனை இணைப்பு என்ற கணக்கு

நாடுகளின் இணையப் பரவலை ஒப்பிடும் ஒரு கட்டுரையைப் படித்தேன். நூறு பேருக்கு எத்தனை நிலைவழி பிராட்பேண்ட் (ஓரிடத்தில் நிலையாகப் பொருத்தப்படும் அதிவேக இணைய) இணைப்புகள் என்ற ஒரே அளவைக் கொண்டு கட்டுரையாளர் நாடுகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். ஆனால் இவ்வகை இணைப்பு ஆளுக்கு ஒன்றாக அல்ல, பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்றாகவே வாங்கப்படுகிறது. வீட்டுக்குச் சராசரியாக இரண்டு பேர் வசிக்கும் நாட்டில் ஒரு வீடு விடாமல் இணைப்பு இருந்தால் நூற்றுக்கு 50 என்று வரும். நான்கு பேர் வசிக்கும் நாட்டில் அதே நிறைவு வெறும் 25 ஆகத்தான் தெரியும். கூடி வாழ்வதையே பின்தங்கலாகக் காட்டும் பட்டியலை என்னவென்பது! அலுவலக இணைப்புகளும் இதே எண்ணிக்கையில் கலந்துவிடுகின்றன.

வரையறை இன்னொரு சிக்கல். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் புள்ளிவிவரங்களில் நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமோ பிராட்பேண்டுக்குத் தேவையான குறைந்தபட்சப் பதிவிறக்க வேகத்தை 2015-இல் நொடிக்கு 25 மெகாபிட்டாகவும் 2024-இல் 100 மெகாபிட்டாகவும் உயர்த்தியது. கைபேசி இணைப்புகளைச் சேர்த்தால் ஒருவரே இரண்டு சிம் வைத்திருப்பதால் பல நாடுகளில் எண்ணிக்கை நூறையும் தாண்டிவிடும்.

இணைப்புள்ள வீடுகளின் விழுக்காட்டைக் குடும்ப ஆய்வுகளின் வழியே கணக்கிடுவது செலவும் காலமும் பிடிக்கும் வேலை என்றாலும், பரவலை ஒப்பிட அதுவே பொருத்தமானது. வேகத்தையும் வருமானத்தில் கட்டணம் எடுத்துக்கொள்ளும் பங்கையும் தனித்தனிப் பட்டியல்களாகத் தரலாம். எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகப் பிசைந்து தருவதில் எனக்கு உடன்பாடில்லை.