ஓடையில் தண்ணீர் ஓடுகிறது, சரி. யார் விட்ட தண்ணீர்?

நெய்வேலிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கும்: "திறந்தவெளிச் சுரங்கம்தான் கேடு. அடியில் குடைந்து எடுத்தால் மேலே வயலும் கிணறும் அப்படியே இருக்குமே." இப்படிச் சொல்பவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கிரீன் கவுண்டியின் கதையைப் படிக்க வேண்டும்.

அங்கே நடப்பது லாங்வால் முறை. சுமார் 2 மீட்டர் கனமுள்ள நிலக்கரி அடுக்கை, சில நூறு மீட்டர் அகலத்துக்கு, கிலோமீட்டர் கணக்கில் இயந்திரம் சீவிக்கொண்டே போகும். பழைய முறையில் கூரையைத் தாங்க நிலக்கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். இதில் இயந்திரம் நகர நகரப் பின்னால் கூரை சரியும். சரிய வேண்டும், திட்டமே அதுதான். மேலிருக்கும் பாறை உடையும், அதற்கும் மேலே உள்ளது வளையும், கடைசியில் தரையே ஒரு மீட்டருக்கு மேல்கூடத் தாழும். நிலத்தடி நீர் தங்கியிருப்பது அந்தப் பாறை இடுக்குகளில்தான். இடுக்கு அகன்றால் நீர் கீழே இறங்கிவிடும். மேட்டுக் கிணறு வற்றும். நேற்றுவரை வீட்டருகே கசிந்த ஊற்று, சரிவின் அடியில் வேறெங்கோ தலைகாட்டும். பள்ளத்தாக்குக் கிணறுகள் சில மாதங்களில் தேறிவிடுவதும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

அங்கே ரயர்சன் அரசுப் பூங்காவில் 62 ஏக்கரில் டியூக் ஏரி இருந்தது. 2005 ஜூலையில் அணையில் விரிசல் கண்டு தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அருகே நடந்த லாங்வால் சுரங்க வேலைதான் காரணம் என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2010இல் சொன்னது. அந்தச் சுரங்கத்தை நடத்திய கான்சல் நிறுவனம் அதை மறுத்தது. ஆனாலும் 2013இல் 3.6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தில் அணையைக் கட்டலாம் என்றால், தரை இன்னும் அசைகிறது என்று 2015இல் அந்த யோசனையே கைவிடப்பட்டது.

இத்தனைக்கும் அங்கே சட்டம் இருக்கிறது. 1994இல் வந்த 54ஆம் சட்டப்படி, கிணறோ ஊற்றோ கெட்டால் சுரங்க நிறுவனம் மாற்று நீர் தர வேண்டும். தோண்டும் முன்பே நீராதாரங்களைக் கணக்கெடுக்க வேண்டும். குறிப்பிட்ட எல்லைக்குள் கிணறு வற்றினால் பழி முதலில் நிறுவனத்தின் மேல்தான். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாதிப்பை மதிப்பிட்டு அறிக்கையும் வர வேண்டும். நம் ஊர் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, இதைப் படித்தபோது பொறாமையாகத்தான் இருந்தது.

என் சண்டை அந்த அறிக்கைகளின் கணக்குமுறையோடு. ஊற்று வற்றிய வீட்டுக்குக் குழாய் இணைப்பு கொடுத்தால் புகார் முடிந்தது. பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டாலும் முடிந்தது. நிறுவனமே வீட்டையும் நிலத்தையும் விலைக்கு வாங்கிவிட்டால்? அதுவும் தீர்வுதான்! ஊற்று வற்றியபடியே கிடக்கும், புகார் சொல்ல ஆள் மட்டும் இருக்காது. புகார் எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்லும் கணக்கு, நீருக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லாது.

ஓடைகளின் கதை இன்னும் மோசம். படுகையில் விரிசல் விட்டால் சிமென்ட் கலவையைச் செலுத்தி அடைக்கிறார்கள். ஓட்டம் குறைந்தால் குழாய் போட்டு வேறிடத்து நீரைப் பம்ப் செய்து விடுகிறார்கள். மீன்களுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழாய்க்குக் கீழே நின்று அளந்த எண்ணை வைத்துக்கொண்டு ஓடை பிழைத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

சுரங்கத்திலிருந்து வெளியேற்றும் நீரையும் விட்டுவிட முடியாது. 2009 செப்டம்பரில் மாநில எல்லையை ஒட்டி ஓடும் டங்கார்ட் ஓடையில் மீன்களும் சிப்பிகளும் மொத்தமாகச் செத்து மிதந்தன. சுரங்க நீரின் உப்பு, உவர்நீரில் வளரும் நச்சுப்பாசிக்கு இடம் கொடுத்திருந்தது.

ஆகவே நிலத்தடிச் சுரங்கத்தால் நீருக்குப் பாதிப்பில்லை என்று யாராவது அறிக்கை நீட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். தோண்டும் முன் கோடையிலும் மழையிலும் அளந்த கணக்கு எங்கே? அளந்தவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? பம்பை நிறுத்திவிட்டு, கடுங்கோடையில், அதே இடத்தில் மறுபடி அளந்தீர்களா?